வாடகை வீடும் வருமுன் காத்தலும்

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் வந்தபோது, இலக்கியம் பற்றி ஏதேனும் எழுதித் தருவேன் என்றே எதிர்பார்த்தனர். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவனிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயினும் இம்முறை நான் எழுதப் புகுவது ஒரு வீட்டைப் பற்றியது. அவ்வீடு எனக்குச் சொந்தமானதன்று. அதனை வாடகைக்குக் கொடுத்துப் பராமரிக்கும் பொறுப்பு மட்டுமே என்னுடையது. அப்பொறுப்பை நான் எவ்வாறு நிறைவேற்றத் தவறினேன் என்பதையும், பின்னர் எதைக் கற்றுக்கொண்டேன் என்பதையும் ஈண்டு கூற விரும்புகின்றேன். இம்மலரை வாசிப்போரிற் பலர் வாடகை அறைகளில் வாழ்பவர். வேறு சிலர் அவ்வறைகளுக்கு உரிமையாளர். இரு சாராருக்கும் இதிற் கொள்ளத்தக்கது ஏதேனும் இருக்கும் என நம்புகின்றேன்.

வீடு திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ளது. என் தாய்மாமன் 1974 ஆம் ஆண்டில் அதனைக் கட்டினார். சுண்ணக்கற் சுவர், ஓட்டுக் கூரை, பனஞ்சிலாகை, பனைமரத் தீராந்தி. பின்புறத்திற் கிணறு, அதனருகே வாழை, மதிலோரம் இரண்டு மாமரம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது மாமாவின் குடும்பமும் நடந்தது. மறு ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது கதவுகளும் யன்னல்களும் இருக்கவில்லை; சுவர்கள் இருந்தன. மீண்டும் கதவு போட்டு மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு மாமா கனடாவுக்குப் போனார். வீடு பலர் கைமாறி, 2017 இல் அற்றோர்ணித் தத்துவத்தின் மூலம் என் பொறுப்புக்கு வந்தது.

நான் அதனை மாணவருக்குக் கொடுத்தேன். ஆறு பேர். வவுனியா, மன்னார், மட்டக்களப்பு, மலையகம் எனப் பல இடங்களிலிருந்து வந்தவர்கள். ஓர் அறையை மட்டும் கொடுக்கவில்லை. மாமாவின் அலுமாரிகள், மாமியின் தையல் இயந்திரம், சுவாமிப் படங்கள், பழைய உறுதிகள் ஆகியன வைத்துப் பூட்டப்பட்ட அறை அது. யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டார் வீடுகளை வாடகைக்கு எடுத்தவர்கள் இப்படியொரு பூட்டிய அறையை அறிவர். திறப்பு என்னிடம் இருந்தது. நான் வசிப்பதோ அங்கிருந்து மூன்று மைல் தொலைவில்.

வாடகைப் பணம் மாமாவின் வங்கிக் கணக்கிற் சேர்ந்தது. ஆண்டுக்கொருமுறை அதிலிருந்து ஊர்க் கோயிலின் திருவிழா உபயத்துக்குப் பணம் எடுத்துக் கொடுப்பேன். மேளக்கச்சேரிக்கு இரண்டு கூட்டம், சாத்துப்படி, அன்னதானம். மாமா ரொறன்ரோவிலிருந்து நேரலையிற் பார்த்து மகிழ்வார். முற்பணம் வாங்குவது, மாதந்தோறும் வாடகை சேர்ப்பது, சத்தம் போடக்கூடாது என்று சொல்வது, ஆண்டு முடிவில் வெள்ளையடிப்பது: இவ்வளவே ஒரு வீட்டைப் பராமரித்தல் என்று நான் எண்ணியிருந்தேன்.

2023 ஆம் ஆண்டு மாரியில் முறைப்பாடு ஒன்று வந்தது. மழை பெய்யும்போதெல்லாம் றிப் சுவிச் விழுகின்றது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகின்றது. பரீட்சைக் காலத்தில் இருட்டில் இருக்க வேண்டியுள்ளது. மாணவர் ஒரு வாரத்தில் நான்கு முறை தொலைபேசியில் அழைத்தனர். நான் மின்வேலை தெரிந்த ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிப் பார்த்து, கிணற்றடி மோட்டரை நிறுத்தியதும் சுவிச் விழாமல் நிற்பதைக் காட்டினார்.

"ஐயா, மோட்டருக்குப் போற வயர் உக்கிப் போச்சு. மண்ணுக்குள்ளாலை போற பைப்பிலை தண்ணி நிக்குது. வயரையும் மாத்தி, ஏர்த் கம்பியையும் புதிசா அடிக்கோணும். பழைய கம்பி துருப்பிடிச்சு அறுந்து கிடக்குது."

அவர் சொன்ன தொகை ஒரு மாத வாடகைக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. மாமாவைக் கேட்டேன். "வாடகைக் காசிலை பாத்துச் செய், தம்பி" என்றார். ஆனால் உபயம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை விட்ட பின் செய்யலாம் என்று முடிவு செய்தேன். பிள்ளைகள் இருட்டில் இருக்கக்கூடாதே என்பதற்காக அதுவரை றிப் சுவிச்சைத் தவிர்த்து நேரே இணைத்துவிடுமாறு கேட்டேன். அவர் தயங்கினார். "இது சரியான வேலையில்லை, ஐயா" என்றார். "இப்போதைக்கு விடுங்கோ" என்றேன். அவ்வாறே செய்யப்பட்டது. அதன்பின் முறைப்பாடு எதுவும் வரவில்லை. தை பிறந்தது, மழை விட்டது, நான் மறந்து போனேன்.

நான் அன்று செய்வித்தது என்ன என்பதைப் பின்னரே விளங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் வீட்டிலிருந்து திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அச்சிறு கருவி இடையறாது ஒப்பிட்டுப் பார்க்கின்றது. போனது முழுவதும் திரும்பி வராவிட்டால், எங்கோ அது நிலத்துக்குள் வழிகின்றது என்று பொருள். ஈரச் சுவராக இருக்கலாம். ஒரு மனிதனின் உடலாகவும் இருக்கலாம். வீடுகளிற் பொருத்தப்படும் கருவி 30 மில்லியம்பியர் அளவான வேறுபாட்டைக் கண்டதும், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எனவே மழை நாளில் அது விழுந்தது கருவியின் பழுதன்று. வீட்டில் உண்மையிலேயே இருந்த பழுதை அது அறிவித்துக்கொண்டிருந்தது. நான் பழுதை விட்டுவிட்டு அறிவித்தலை நிறுத்தினேன். குரைக்கின்ற நாயைத் தொல்லை என்று விரட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவனின் செயல் அது.

2024 நவம்பர் 26 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. பின்னர் 'பெங்கல்' எனப் பெயர் பெற்ற தாழமுக்கம் இலங்கையின் கிழக்குக் கரையோரமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் மழை விடாது பெய்தது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்த வேண்டிய அளவுக்கு நாடு வெள்ளத்தில் இருந்த நாள்கள் அவை. வீட்டு வளவில் நீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. இரவு ஒன்பது மணியளவில் மேல்நிலைத் தொட்டியில் நீர் தீர்ந்தது. மலையகத்திலிருந்து வந்திருந்த மாணவர் மோட்டரைப் போடக் கிணற்றடிக்குப் போனார். வெறுங்காலுடன் நீரில் நின்று, சுவிச்சைப் போட்டுவிட்டு, நீர் ஏறுகின்றதா என்று பார்க்க இரும்புக் குழாயைப் பற்றினார்.

பற்றிய கையை அவரால் எடுக்க முடியவில்லை.

அவர் எழுப்பிய ஒலி ஒரு சொல்லாக இருக்கவில்லை என்று உடனிருந்தோர் பின்னர் சொன்னார்கள். முதலில் ஓடிய மாணவர் அவரைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார். மன்னாரைச் சேர்ந்தவர், பள்ளிக்கூடத்தில் முதலுதவி பழகியவர், "தொடாதை! தொடாதை!" என்று கத்தினார். கத்திக்கொண்டே குசினியிலிருந்து பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைத் தூக்கி வந்து, விறாந்தைப் படியில் நின்றவாறே அதன் காலால் அந்தக் கையைக் குழாயிலிருந்து தட்டிவிட்டார். மாணவர் நீருள் விழுந்தார். மோட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நீருக்குள் இறங்கி அவரைத் தூக்குவதற்கு எவருக்கும் துணிவு வரவில்லை. மெயின் சுவிச்சை நிறுத்த வேண்டும். மெயின் சுவிச் எங்கே?

மாமாவின் பூட்டிய அறைக்குள்.

மாணவர் என்னை அழைத்தனர். நான் மின்னேற்றம் தீர்ந்த தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்தேன். வளவு மூலையிற் கிடந்த அலவாங்கினாற் கதவை நெம்பி உடைத்து உள்ளே போய், தொலைபேசி வெளிச்சத்தில் மாமியின் தையல் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த சுவிச்சைத் தேடி நிறுத்தினர். அதற்கு எவ்வளவு நேரம் சென்றது என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் மூன்று நிமிடம் என்றார். மற்றொருவர் பத்து என்றார். பின்னர் 1990 இலக்கத்துக்கு அழைத்தனர். நோயாளர் வண்டி வெள்ளத்தினூடே வந்தது. அந்த மாணவர் உயிர் பிழைத்தார். உள்ளங்கையில் எரிகாயம், இதயத் துடிப்பைக் கண்காணிப்பதற்காக இரு நாள் ஆசுபத்திரி வாசம். இவ்வளவுதான் என்று சொல்லலாம். ஆனால் அதற்கும் இதைவிடப் பெரிதாயிருந்திருக்கக்கூடியதற்கும் இடையே இருந்தது ஒரு பிளாஸ்ரிக் கதிரை மட்டுமே.

பாதைகள் சீரானதும் அவருடைய தாயார் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். அற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர். ஆசுபத்திரி வாயிலில் அவரைச் சந்திக்கப் போனபோது என்ன சொல்வது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் என்னைச் சொல்லவே விடவில்லை.

"நீங்க என்ன செய்வீங்க சேர், மழைக்கு யாரு என்ன செய்ய முடியும்?" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். அவரே தொடர்ந்தார். "எங்க லயத்திலயும் இப்புடித்தான். கூரை தகரம் ஓட்டையா போயி மூணு வருசமாச்சு. ஆபிசில சொல்லிக்கிட்டேதான் இருக்கோம். சொல்லிச் சொல்லி இப்ப சொல்றதயே விட்டுட்டோம்."

அவர் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. ஆறுதலாகவே சொன்னார். ஆயினும் அந்த இறுதி வாக்கியம் என்னை விட்டு அகலவில்லை. லயத்தின் கூரை தோட்டத்துக்குச் சொந்தம்; ஒழுகுவது குடியிருப்பவர் தலையில்; திருத்துவது நிர்வாகத்தின் வேலை. மலையகத் தமிழரின் வீட்டுரிமை பற்றி மேடைகளிலும் கட்டுரைகளிலும் பேசியவன் நான். அந்தத் தாயின் பிள்ளை யாழ்ப்பாணத்தில் குடியிருந்த வீட்டின் நிர்வாகம் யார்? நான்தான். அவ்வீட்டிலும் நான்கு முறை சொன்னார்கள். பின்னர் சொல்வதை விட்டுவிட்டார்கள். முறைப்பாடு நின்றதை நான் பழுது தீர்ந்ததாகக் கொண்டேன்.

இதனைச் சிந்திக்குமிடத்து எனக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. வருமுன் காத்தலை அறியாத சமூகமன்று எம்முடையது. வள்ளுவர் அது பற்றிக் கூறியதைப் பரீட்சைக்கு மனனஞ் செய்தவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எமது பழைய வாழ்க்கை முறையே பராமரிப்பின் மீது அமைந்திருந்தது. ஓலைக் கூரையைக் காலந்தவறாது வேயாவிட்டால் மாரியைத் தாங்காது. வேலி ஆண்டுதோறும் அடைக்கப்பட வேண்டியது. கிணற்றைக் கோடையில் இறைத்துச் சேறு வாரி ஊற்றுக்கண்ணைத் துப்புரவாக்குவர். கிடுகு பின்னுவதற்கு ஒரு காலம், கதியால் நடுவதற்கு ஒரு காலம் என்று பஞ்சாங்கத்தோடு இணைந்து அவ்வேலைகள் நடந்தன. கல்லும் ஓடும் வந்த பின்னர், வீடு என்பது கட்டி முடித்த பொருள் என்னும் எண்ணம் எமக்குள் வந்துவிட்டது. ஓலை தன் முதுமையை வெளியே காட்டியது. சுவருக்குள் இருக்கும் வயர் அதனைக் காட்டுவதில்லை.

போர்க்காலத்தையும் நினைத்துப் பார்க்கின்றேன். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சிறிது நகை ஆகியன இட்ட பை ஒன்று கதவருகே எப்போதும் ஆயத்தமாக இருந்தது. வளவிற் பதுங்கு குழி இருந்தது. மாரியில் அதனுள் நீர் ஏறாதிருக்க வரம்பு கட்டினோம். எந்தப் பிள்ளை எந்தப் பொருளைத் தூக்க வேண்டும் என்பது சிறுவருக்கும் தெரிந்திருந்தது. அத்தகைய ஒழுங்கைக் கற்றிருந்த நாங்கள், குண்டு விழாத காலத்தில் மழைக்கும் மின்சாரத்துக்கும் தீக்கும் எந்த ஒழுங்கும் செய்யாமல் இருக்கின்றோம்.

இதற்குரிய காரணங்களுள் வாடகை உறவின் தன்மையும் ஒன்றாகும். சொந்த வீட்டில் இருப்பவன் ஒழுகலைக் கண்டதும் ஏணி வைத்து ஏறுகின்றான். வாடகை வீட்டிலோ ஒழுகலைக் காண்பவர் ஒருவர். ஏணிக்குச் செலவு செய்ய வேண்டியவர் வேறொருவர். இருவருக்கும் நடுவே என் போன்ற ஒருவரும் இருந்துவிட்டால், வேலை மூவருக்கும் உரியதாகி ஒருவருக்கும் உரியதல்லாததாகின்றது. எமது நாட்டின் பொதுச்சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் இதிற் தெளிவானது: குடியிருப்புக்கென வாடகைக்குக் கொடுக்கப்பட்ட இடத்தைக் குடியிருக்கத்தக்க நிலையிற் பேணுதல் கொடுத்தவரின் கடமை. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு வரம்பு விதித்துக் குடியிருப்போரை இலகுவில் வெளியேற்ற முடியாதவாறு காத்தது. அந்த வாடகையில் எப்படித் திருத்துவது என்று உரிமையாளர் கேட்டனர். திருத்தாத வீட்டுக்கு ஏன் கூடுதலாகக் கொடுப்பது என்று குடியிருந்தோர் கேட்டனர். பின்னர் வந்த திருத்தங்கள் அச்சட்டத்தின் பிடியைத் தளர்த்தின. ஆயினும் அந்தப் பழைய வழக்கு எங்கள் மனங்களில் முடிந்தபாடில்லை. எழுத்தில் ஓர் ஒப்பந்தமுமின்றி அறை எடுக்கும் மாணவனுக்கு எந்தச் சட்டமும் எட்டாத தூரத்திலேயே இருக்கின்றது.

அதன் பின் நான் செய்தவற்றை இங்கு குறித்துவைப்பது தற்பெருமைக்காகவன்று. இவற்றுள் எதுவும் கடினமானதோ பெருஞ்செலவு பிடிப்பதோ அன்று என்பதைக் காட்டுவதற்கேயாம்.

முதலாவது, பணம். வாடகையிற் பத்திலொரு பங்கைத் தனிக் கணக்கில் இடுவதென்றும், அதனை வீட்டின் திருத்த வேலைக்கன்றி வேறெதற்கும் எடுப்பதில்லை என்றும் தீர்மானித்தேன். மாமாவுக்கு நடந்ததை முழுமையாகச் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் மௌனம். பின்னர், "என்னட்டை ஏன் அப்பவே வடிவாச் சொல்லேல்லை?" என்றார். அது நியாயமான கேள்வியே. அவரிடம் நான் தொகையைச் சொன்னேன், ஆபத்தைச் சொல்லவில்லை. அவ்வாண்டு உபயத்தில் மேளம் ஒரு கூட்டமாகக் குறைந்தது.

இரண்டாவது, மின்சாரம். மோட்டருக்குப் புதிய வயர், புதிய ஏர்த் கம்பி, புதிய றிப் சுவிச். எங்கள் மண் ஆழமற்றது. சில அடிக்குக் கீழே சுண்ணக்கல். கோடையில் அது காய்ந்துவிட, ஏர்த் கம்பி பெயரளவிலேயே இருக்கும். ஆகவே கம்பியை அடித்ததோடு நில்லாமல் கருவி வைத்து அளந்தும் பார்க்கச் செய்தேன். மெயின் சுவிச்சை விறாந்தைக்கு மாற்றினோம். றிப் சுவிச்சிற் சோதனைக்கென ஒரு சிறு பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் சுவிச் விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மாணவர் அதனை அழுத்திப் பார்த்துச் சுவரிலுள்ள நாட்காட்டியிற் கையெழுத்திடுகின்றார்.

மூன்றாவது, திறப்பும் தகவலும். பூட்டிய அறையின் மறுதிறப்பு இப்போது அயல்வீட்டு அம்மாவிடம் இருக்கின்றது. குசினிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது: மெயின் சுவிச் இருக்கும் இடம், தண்ணீர்க் குழாயை அடைக்கும் இடம், நோயாளர் வண்டிக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, மின்சார சபைக்கு 1987, என் இலக்கம், நான் எடுக்காவிட்டால் என் மனைவியின் இலக்கம். பணம் தொடர்பாக என்னைக் கேளாமலே குறித்த தொகைக்குள் அவசரத் திருத்தத்தைச் செய்வித்து, அடுத்த வாடகையிற் கழித்துக்கொள்ளலாம் என்றும் அதிற் கையெழுத்திட்டு எழுதியுள்ளேன். இரவு பத்து மணிக்கு மின்வேலையாளை அழைப்பதற்கு ஒரு மாணவன் அஞ்சக்கூடாது.

நான்காவது, நீர். வெள்ளம் வடிந்தாலும் அபாயம் வடிந்துவிடுவதில்லை. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது எல்லோர்க்கும் நினைவிருக்கும். எங்கள் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுள் இருக்கின்றது. மேலே ஊற்றியது விரைந்து கீழே சேர்கின்றது. திருநெல்வேலி போன்ற நெருக்கமான இடத்திற் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே போதிய தூரம் காண்பதே அரிது. வெள்ள நீர் கிணற்றுக்குள் போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துக் குளோரின் இடுவிப்பதும், அதுவரை கொதித்தாறிய நீரையே குடிப்பதும் இப்போது வீட்டின் விதி. கிணற்றுக்கட்டை ஒரு முழம் உயர்த்தினோம்.

ஐந்தாவது, கூரையும் குசினியும். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது பறந்த கூரைகளைப் பற்றி அவ்வூர் முதியோர் இன்றும் சொல்வர். காற்று மேலிருந்து அழுத்துவதைவிடக் கீழிருந்து தூக்குவதே கூரைக்குப் பேராபத்து. எனவே தளர்ந்த ஓடுகளைச் சீராக்கி, தாழ்வாரத்து ஓடுகளைக் கம்பியாற் கட்டுவித்தேன். வீட்டின்மேற் சாய்ந்திருந்த மாங்கிளைகளை வெட்டினோம். பீலியிற் சேர்ந்த சருகை அகற்றினோம். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தபோது பலரும் போலவே நானும் சில வாரம் அஞ்சி, பின் மறந்தேன். அவ்வாயு காற்றிலும் பாரமானது; கசிந்தால் நிலமட்டத்திலேயே தேங்கும். உயரத்தில் யன்னல் இருப்பது போதாது. சிலிண்டரை வெளியே வைத்துக் குழாயைச் சுவரூடாகக் கொண்டுவந்தோம். இறப்பர்க் குழாயில் அது வாங்கிய மாதத்தை எழுதி வைத்தோம்.

இவை யாவற்றுக்கும் மாதங்களைக் குறித்தோம். புரட்டாதியிற் கூரை, பீலி, மரக்கிளை, மோட்டர். மார்கழி முடிவிற் கிணறு, மலக்குழி, சுவர் வெடிப்பு. சித்திரையில் ஏர்த் கம்பியின் சோதனை. ஆடிக் காற்றுக்கு முன் மறுபடியும் கூரை. முன்னோர் கிடுகுக்கும் வேலிக்கும் வைத்திருந்த காலங்களிலிருந்து இவை அதிகம் வேறுபடவில்லை என்பதைப் பின்னரே கவனித்தேன்.

குடியிருப்போருக்கும் ஒரு சொல். உங்கள் அறையிற் பழுதைக் கண்டால் சொல்லுங்கள், எழுத்திற் சொல்லுங்கள், ஒருமுறை சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். வாடகையைக் கூட்டிவிடுவார், எழும்பச் சொல்லிவிடுவார் என்னும் அச்சம் உங்களுக்கு உண்டு என்பதை நான் அறிவேன். அந்த அச்சத்தை நீக்குவது வீட்டுக்காரரின் பராமரிப்பு வேலைகளுள் ஒன்று என்பதையும் இப்போது அறிவேன்.

ஓராண்டு சென்றது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்தது. அது நாட்டின் 25 மாவட்டங்களையும் தொட்டு, 600 க்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. மலையகத்தில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன. 28 ஆம் திகதி மாலை நான் திருநெல்வேலிக்குப் போனபோது, மாணவர் நான் சொல்வதற்கு முன்னரே மோட்டரின் பிளக்கைக் கழற்றி, தொட்டியையும் வாளிகளையும் நிரப்பி, ரோச் லைற்றை மேசையில் வைத்திருந்தனர். அந்த மாணவர் மட்டும் விறாந்தையில் தொலைபேசியுடன் இருந்தார். ஊருக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. உள்ளங்கைத் தழும்பு தெரியத் தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன். அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

இரண்டு நாளின் பின் தாயாரின் குரல் கிடைத்தது. லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் மண் வெடித்திருப்பதையும், எப்போதும் தெளிவாக வரும் பீலித்தண்ணீர் சேறாக வருவதையும் முதல்நாட் பகலிலேயே கண்டு, சுற்றியிருந்த குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாராம். லயத்தின் ஒரு பக்கத்தை மண் மூடியது. உள்ளே எவரும் இருக்கவில்லை. யார் சொல்லிப் போனீர்கள் என்று மகன் கேட்டிருக்கிறார். "யாரு சொல்லணும்? மண்ணுதான் சொல்லிச்சே" என்றாராம். எவரும் செவிசாய்க்காத முறைப்பாடுகளோடு வாழ்ந்த அந்தப் பெண்மணிக்கு, நிலம் சொல்லும் முறைப்பாட்டைக் கேட்கத் தெரிந்திருந்தது. எனக்குப் பட்டங்கள் பல இருந்தும் அது தெரிந்திருக்கவில்லை.

அவர்களுக்கு இனி எங்கே வீடு, எப்போது வீடு என்பது வேறொரு கட்டுரைக்கு உரியது. அதனை எழுத வேண்டியவர் நானல்லர், அந்த மாணவர். அவர் எழுதுவார் என்று நினைக்கின்றேன்.

அவ்வாரத்தில் ஒருநாள் அதிகாலை என் தொலைபேசி ஒலித்தது. இப்போது அதனை மின்னேற்றி, தலைமாட்டில் வைத்தே உறங்குகின்றேன். மன்னார் மாணவர் பேசினார்.

"சேர், றிப் விழுந்திட்டுது."

"நல்லது. அப்பிடியே விடுங்கோ. விடிய வாறன்" என்றேன்.

விடிந்ததும் மின்வேலையாளையும் அழைத்துக்கொண்டு போனேன். குசினிச் சுவரில் ஈரம் ஊறி, ஒரு பிளக் பொருத்திக்குள் நீர் இறங்கியிருந்தது. அரைமணி நேர வேலை. மாணவர் அதுவரை இருட்டிலே தேநீர் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தனர். எவரும் முறையிடவில்லை.